சோப்புத் தூள் பாக்கெட்டுக்காக எங்கள் கடைக்கு வந்த நோட்டீஸ்

பாக்கெட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது கம்பெனிக்காரர் பாடு, நமக்கென்ன என்றுதான் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நிறைய பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன் 36-வது பிரிவில், தயாரிப்பவரும் பொட்டலம் போடுபவரும் நிற்கிற அதே வரிசையில் விற்பவரும் நிற்கிறார். விற்றிருக்கக்கூட வேண்டாம், விற்பதற்காக அலமாரியில் வைத்திருந்தாலே போதும். எங்கள் கடைக்கு 2022-ல் அந்தப் பிரிவில் நோட்டீஸ் வந்தது. அதை எப்படி முடித்தோம் என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. ஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் பார்த்தது தராசைத்தான். தராசின் ஈய முத்திரையில் ஆண்டும், எந்தக் காலாண்டில் முத்திரை வைத்தார்கள் என்பதற்கான எழுத்தும் இருக்கும். குனிந்து அதைப் படித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரை வைக்க வேண்டும், நாங்கள் வைத்திருந்தோம், அதில் பிரச்சினை இல்லை. அப்புறம் அலமாரிப் பக்கம் போனார்.

மாட்டியது உள்ளூரில் ஒருவர் பொட்டலம் போட்டுத் தரும் அரைக் கிலோ சோப்புத் தூள். பாக்கெட்டில் பெரிய தாமரைப் படம், பெயர், எடை, விலை எல்லாம் இருந்தது. ஆனால் தயாரித்தவர் முகவரி என்ற இடத்தில் வெறும் ஊர்ப் பெயர்தான், கதவு எண்ணோ தெருவோ கிடையாது. புகார் சொல்ல ஒரு போன் நம்பர் இல்லை. விலைக்குப் பக்கத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்பதும் இல்லை. 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இவையெல்லாம் கட்டாயம். அதிகாரி சில பாக்கெட்டுகளை எடை போட்டுப் பார்த்தார், எடை சரியாக இருந்தது. அதுவரை நல்லது. இந்தக் கட்டாய விவரங்கள் இல்லாத பாக்கெட்டுக்கு முதல் முறை என்றால் 25,000 ரூபாய் வரை அபராதம். எடை குறைந்திருந்தால் பொட்டலம் போட்டவருக்கு ஆரம்பமே 10,000, போனால் 50,000 வரை.

பாக்கெட்டுகளைப் பறிமுதல் செய்து மகஜர், அதாவது எடுத்துப் போகும் பொருளின் விவரப் பதிவு, எழுதினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை முழுசாகப் படியுங்கள். எத்தனை பாக்கெட், என்ன குறை, எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் இருப்பதுதான் கடைசி வரை பேசும். நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை. "இதெல்லாம் சும்மா, கண்டுக்காதே" என்றார் ஒருவர், "ஆளைப் பிடிச்சு முடிச்சிரலாம்" என்றார் இன்னொருவர். இரண்டையும் கேட்காதீர்கள். பதில் போடாமல் விட்டால் வழக்கு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போய்விடும், அதன் பிறகு வக்கீல், வாய்தா என்று கடையைப் பூட்டிவிட்டு அலைய வேண்டியதுதான். அதற்கு முன்பே முடித்துக்கொள்ள 48-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. இணக்கக் கட்டணம் கட்டினால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. கட்டணமும் சட்டத்திலுள்ள அபராத உச்சவரம்பைத் தாண்டக் கூடாது.

நாங்கள் எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்தோம். பொருளை யாரிடம் எப்போது வாங்கினோம், எடையில் குறை இல்லை, இதற்கு முன் இப்படி ஒரு வழக்கு எங்கள் மேல் இல்லை, இணக்கமாக முடித்துக்கொள்ள விரும்புகிறோம், அவ்வளவுதான், ஒரு பக்கம். கூடவே கொள்முதல் ஜிஎஸ்டி பில். அந்தப் பில் மட்டும் இல்லாமல் போயிருந்தால் பொட்டலம் போட்டவர் யார் என்றே காட்ட முடிந்திருக்காது, எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். விசாரணைக்கு அழைத்தார்கள், நேரில் போனோம், உத்தரவு வந்தது, கட்டணத்தைச் செலான் போட்டுக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டோம்.

வாடிக்கையாளர் ஒரு அக்கா பிறகு கடைக்கு வந்து, அந்தத் தூளில் துவைத்துக் கையெல்லாம் எரிகிறது, யாரிடம் கேட்பது என்றார். பாக்கெட்டில் முழு முகவரியுமில்லை, நம்பருமில்லை, நான்தான் பில்லைப் பார்த்து நம்பர் எடுத்துக் கொடுத்தேன். விதி சரியான விதிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாக்கெட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து, முத்திரை வைக்கப் போகும்போதே ஒவ்வொரு கடைக்காரர் கையிலும் கொடுத்தால் பாதி வழக்கு குறையும், இதைத் துறை செய்தே ஆக வேண்டும்.

மிச்சமிருந்த சரக்குக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டித் தருகிறேன் என்றார் சப்ளையர். வேண்டாம் என்றேன். விலையைக் குறைத்துக் காட்டத்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். விட்டுப்போன முகவரியை ஸ்டிக்கரில் சேர்க்க விதியில் இடமில்லை. தெரியாமல் ஒட்டி விற்று மறுபடி மாட்டினால் நிலைமை மோசம், ஏனென்றால் ஒருமுறை இணக்கமாக முடித்தவர் 3 ஆண்டுக்குள் அதே மாதிரி குற்றத்தில் சிக்கினால் திரும்பவும் இணக்கம் கிடையாது, நேராகக் கோர்ட்தான். சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பினேன், புது கவர் அச்சடித்து வந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன்.