கோயம்பேட்டுக்கு தோல் வாங்கப் போன கதை

சனிக்கிழமை அஞ்சு மணிக்கு முதல் மெட்ரோ புடிச்சு நானும் சித்தியும் கோயம்பேடு போனோம். காய் வாங்கவான்னு கேக்காதீங்க, குப்பை பொறுக்க. சித்தி வீட்லயே சோப்பும் நலங்குமாவும் போடுறாங்க, அதுக்கு பழத்தோலும் ரோஜா இதழும் காசு குடுத்து வாங்குறதுன்னா அவங்களுக்கு மானப் பிரச்சினை.

1996ல கொத்தவால்சாவடிலேர்ந்து இங்க மாத்துன மார்க்கெட். உள்ள போனதும் முட்டைகோஸ் இலை, அழுகின தக்காளி, வாழை மட்டை எல்லாம் ஆளுயரத்துக்கு குவிஞ்சு கெடக்கு, கீழ சேறு, மூட்டை தூக்குறவர் "ஓரம் போம்மா"ன்னு கத்துறார், நான் வேற "சித்தி, இவ்ளோ இருக்கே, அள்ளிக்கலாமா"ன்னு கேட்டுட்டேன். "இது உரத்துக்குதான் ஆகும்டி, நமக்கு ஒரே ஜாதி தோலா வேணும், இன்னைக்கு உரிச்சதா இருக்கணும், நாளைக்குள்ள காயணும், இல்லனா பூசணம் புடிச்சிரும்"ன்னு நடந்துகிட்டே சொன்னாங்க.

ஜூஸ் கடைல மெஷின் பக்கத்துலயே ஒரு சாக்கு, நிறைய சாத்துக்குடித் தோல். சித்தி ஒரு தோலை எடுத்து மடக்கி மூக்குகிட்ட வச்சு அமுக்குறாங்க, பொடிப்பொடியா எண்ணெய் தெறிக்குது. அந்த வாசனைக்குக் காரணம் லிமோனீன், சென்ட்டுல எல்லாம் போடுறதும் அதான், ஆனா காத்து பட்டு பழசாச்சுன்னா சில பேருக்கு தோல்ல அலர்ஜி வரும். "இப்ப புழிஞ்சதுதான்க்கா, எடுத்துட்டு போங்க, எனக்கும் கொட்டுற வேலை மிச்சம்"னாரு கடைக்காரர்.

(எலுமிச்சைத் தோலை மட்டும் அரைச்சு மூஞ்சில பூசிட்டு வெயில்ல போயிடாதீங்க. நான் போன வருஷம் பூசிட்டு மத்தியானம் ஸ்கூட்டில அண்ணா நகர் வரைக்கும் போனேன், கன்னத்துல வந்த கருப்பு போக ரெண்டு மாசம். எலுமிச்சைல இருக்குற ஒரு பொருள் வெயில் பட்டா தோலைச் சுட்டுரும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.)

பூ மார்க்கெட்ல விக்காம ஓரம் கருத்துப் போன பன்னீர் ரோஜா ஒரு பை நிறைய, இருபது ரூபாதான்.

பழக் கடைங்க பக்கம் மாம்பழம் மலையா கெடந்துச்சு, சித்திக்கு அதைப் பாத்தா பெருமூச்சு. க்ரீம்ல போடுற மேங்கோ பட்டர் இருக்கே, அது கொட்டைக்குள்ள இருக்குற பருப்புலேர்ந்து எடுக்குறது, உடம்பு சூட்டுலயே உருகிடும். கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனிங்கள்ல கொட்டை டன் கணக்குல மிஞ்சும். நம்ம வீட்லயும் எடுக்கலாமேன்னு போன மே மாசம் முப்பது கொட்டையை மொட்டை மாடில சுத்தியலால உடைச்சு, பருப்பைக் காய வச்சு, மிக்ஸில அரைச்சு, தண்ணில கொதிக்க விட்டோம். காஞ்ச பருப்புலயே கொழுப்பு பத்துல ஒரு பங்குதான் இருக்கும், அதுல நமக்கு பாத்திரத்து ஓரத்துல ஒட்டுன பிசுபிசுப்பு மட்டும் கெடச்சுது, மிக்ஸி ப்ளேடும் போச்சு. இதை பெரிய மெஷின் வச்சிருக்கவங்கதான் பண்ணணும்.

திரும்பி வரும்போது மெட்ரோல பெட்டி பூரா சாத்துக்குடி வாசனை. எதிர்ல உக்காந்திருந்த அம்மா ரொம்ப நேரம் பையையே பாத்துட்டு "கிலோ என்ன வெலம்மா?"ன்னு கேட்டாங்க. சித்தி பையைத் தொறந்து காட்டுனாங்க. அவங்க உள்ள கைய விட்டு அடி வரைக்கும் துழாவிட்டு, "பழம் எங்க?"ன்னாங்க.