ஃப்ரெடி வாஷிங்டனுக்கு ஏன் வேடம் கிடைக்கவில்லை?

பழைய ஹாலிவுட்டில் கறுப்பின நடிகைகள் பட்ட பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஹாட்டி மெக்டேனியலில்தான் ஆரம்பிப்பார்கள். 1940இல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர், விருது வாங்கிய அந்த ராத்திரியில்கூட அவரைச் சக நடிகர்களோடு உட்கார விடாமல் சுவரோரமாகத் தனி மேசை போட்டார்கள். சரி, அது பலருக்கும் தெரிந்த கதை. என் மண்டையைக் குடைவது ஃப்ரெடி வாஷிங்டன் என்ற இன்னொரு கறுப்பின நடிகையின் கதை.

1903இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் பிறந்தவர். வெளிர் நிறம், பச்சைக் கண்கள், பார்த்தால் வெள்ளைக்காரி என்றே யாரும் நினைப்பார்கள். ஹாட்டிக்கும், அந்தக் காலத்து இன்னொரு கறுப்பின நடிகையான லூயிஸ் பீவர்ஸுக்கும் வேலைக்காரி வேடமாவது வரிசையாக வந்தது, இவர் முகத்துக்கு அதுவும் பொருந்தவில்லை. கதாநாயகியாகப் போடலாம் என்றாலோ, கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே காதல் காட்டக் கூடாது என்று அன்றைய தணிக்கை விதி.

அப்போது கறுப்பின நாயகனோடு நடிக்கலாமே? 1933இல் 'தி எம்பரர் ஜோன்ஸ்' படத்தில் பால் ராப்சனோடு நடித்தார். அவர்கள் நெருங்கி நிற்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, ஐயோ, வெள்ளைக்காரியை ராப்சன் கட்டிப்பிடிப்பதாக ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று பயந்து, ஃப்ரெடி மேல் கருமையான மேக்கப்பை அப்பி மறுபடி எடுத்தார்கள். கறுப்பினப் பெண்ணாகத் தெரிய ஒரு கறுப்பினப் பெண்ணுக்கே அரிதாரம்!

அடுத்த வருஷம் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்'. வெள்ளைக்காரியாக வாழ ஆசைப்பட்டுப் பெற்ற தாயையே யாரென்று தெரியாது என்று சொல்லிவிடும் பியோலா என்ற பெண்ணாக நடித்தார், தாயாக லூயிஸ் பீவர்ஸ். அவ்வளவு நன்றாக நடித்ததுதான் வினை, நிஜத்திலும் இவர் அப்படித்தான் போலிருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையோ நேர்மாறு. பூர்வீகத்தை மறைத்தால் பெரிய நட்சத்திரமாகலாம் என்று ஆசை காட்டியபோது முடியாது என்றவர் அவர். அந்த நிறத்தை அவர் பயன்படுத்திக்கொண்ட ஒரு சம்பவம் உண்டு: ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு தென் மாநிலங்களில் பயணம் போகும்போது, வெள்ளையருக்கு மட்டும் விற்கும் கடைக்குள் இவர் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்து வெளியே நிற்கும் வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பாராம். குசும்புதான்!

1937க்குப் பிறகு அவருக்குப் படம் இல்லை. அதே வருஷம் கறுப்பின நடிகர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், பிறகு பத்திரிகையில் நாடகம் பற்றி எழுதினார்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கப்புறம் நடந்ததில்தான். இதே மாதிரி, வெள்ளையாகத் தெரியும் கறுப்பினப் பெண் வேடம் 1949இல் 'பிங்கி' படத்தில் ஜீன் கிரெய்னுக்குப் போனது, 1959இல் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' மறுபடி எடுக்கப்பட்டபோது சூசன் கோனருக்குப் போனது. இருவருமே கறுப்பினத்தவர் அல்ல. இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை வேறு.

இரண்டு 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படங்களில் ஒன்றுதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் 1934 படத்தையே பாருங்கள். அழுகாச்சிக் கதைதான், லூயிஸ் பீவர்ஸுக்கு எழுதிக் கொடுத்த சில வசனங்களைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் கண்ணாடி முன் நின்று 'நான் வெள்ளை இல்லையா?' என்று பியோலா கேட்கும் காட்சிக்காகவே முழுப் படத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.