அக்கா கண்காணித்த தேர்வுகள்

மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்தியாவில் உரிமத் தேர்வு என்று தனியாக ஒன்றும் நான் எழுதவில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின்படி மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு, நான் படித்த காலத்தில், கழகம் அங்கீகரித்த இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பின் இரு பகுதித் தேர்வுகளையும் தாண்டியாக வேண்டும். எங்களுக்கு அந்தத் தாள்களும் வாய்மொழித் தேர்வும்தான் உரிமத்துக்கான வாசல். முதல் பகுதியில், மனநல மருத்துவத் தாளில் நான் தோற்றேன்.

தெரியாமல் தோற்கவில்லை. மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் மருந்தான லித்தியத்தை உட்கொள்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவை ஏன் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பது கேள்வி. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்று வார்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அன்றோ உள்ளங்கை வியர்த்து, எழுதிய இரண்டு வரியும் மை கலைந்து போக, முதுகுக்குப் பின்னால் நடந்த அறைக் கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய மாதம்தான், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தேர்வு பயம் தணிய மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தேன் என்பதை யாரிடம் சொல்ல?

மறுதேர்வுக்குப் படிக்க மதுரைக்கு, செல்லூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். "பதறாத காரியம் சிதறாது" என்று அம்மா நாளைக்கு நான்கு முறை சொன்னார். சொலவடை சரிதான், பதறாமல் இருப்பது எப்படி என்பதுதான் அதில் இல்லை.

தேர்வுப் பதற்றத்தை உளவியலாளர்கள் லீபர்ட்டும் மோரிசும் 1967இல் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று மனத்தில் ஓடும் கவலை, மற்றொன்று வியர்வை, படபடப்பு போன்ற உடற்கிளர்ச்சி. மதிப்பெண்ணைப் பெரிதும் தின்பது கவலைதான். விடையை யோசிக்க வேண்டிய செயல்நினைவின் (அந்தந்த நேரத்துக்குத் தேவையானதை மனத்தில் பிடித்து வைக்கும் நினைவின்) இடத்தை "தோற்றுவிட்டால் வீட்டில் என்ன சொல்வது" என்ற பேச்சு பிடித்துக்கொள்கிறது. இதைப் படித்துத் தேறியவளான நான், தேர்வறையில் வியர்வையோடு மட்டும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் படிக்கும் முறையை மாற்றினேன். புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நடுவே அமர்ந்து, அடிக்கோடிட்டதையே திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு, புத்தகத்தை மூடி வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். எனக்கு நடந்ததும் அதேதான். முதல் நாட்களில் அரைப்பக்கம்கூட நிரம்பாமல் அவமானமாக இருந்தது.

அடுத்தது, மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பின் வழியில் அச்சப் படிநிலை: அஞ்சும் சூழல்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று அச்ச அளவு போட்டு, குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பழகுவது. நோயாளிகளுக்குப் போட்டுக் கொடுக்கும் அதே அட்டவணையை எனக்கே போட்டேன். தனியறையில் எழுதுவது 20, மேசையில் கடிகாரம் வைத்து எழுதுவது 40, முதுகுக்குப் பின்னால் ஒருவர் நடக்க எழுதுவது 85. கடைசிப் படிக்குத் திருமங்கலத்தில் ஆசிரியையாக இருக்கும் பெரியம்மா மகளை அழைத்தேன். அக்கா வேடிக்கையாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் மேலும் கீழும் நடந்து, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏத்தா, இன்னும் பத்து நிமிசந்தான், நூலைக் கட்டு" என்று நிஜமாகவே அதட்டினார். முதல் ஞாயிறு பாதியில் எழுந்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறு தெருவில் மாரியம்மன் திருவிழா. குழாய் ஒலிபெருக்கி காதைப் பிளக்க, மூன்று மணி நேரமும் எழுதி முடித்தேன். ஐந்தாவது முறை அச்ச அளவு 85இலிருந்து 35க்கு இறங்கியிருந்தது. பூஜ்யம் ஆகவே இல்லை.

மறுதேர்வு நாளில் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. கைக்குட்டையை விடைத்தாளின் மேல் விரித்து, அதன்மேல் கையை ஊன்றி எழுதினேன். நான்காவது கேள்வியில் கண்காணிப்பாளர் என் வரிசைக்கு வந்து நின்றார். அக்காவின் செருப்புச் சத்தம் இதைவிடக் கனம் என்று தோன்றியது. கூடுதல் தாள் கேட்டேன்.