ஆயாம்மாவின் தூக்குச்சட்டி

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் மையத்தின் வாசலில் நிற்பதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். எட்டு மணிக்கு சைட்டில் ஆள் கணக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அம்மாக்கள் ஓட வேண்டும். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, சில பேருக்கு வயிற்றிலும் ஒன்று. வாசலிலேயே ஆயாம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார். வாங்கும்போதே புறங்கையால் கழுத்தடியில் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் இருந்தால் அந்தத் தொடுதலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெர்மாமீட்டரெல்லாம் அப்புறம்தான்.

எங்களுடையது சிறிய அறக்கட்டளை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, அடுக்குமாடி எழும்பும் இடங்களில் ஐந்து குழந்தைகள் காப்பகங்களை நடத்துகிறோம். ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஆறு வயது வரை வருவார்கள். 2003இல் இங்கே டீச்சராகச் சேர்ந்தேன். 2014இலிருந்து நிர்வாகப் பொறுப்பு. நிர்வாகம் என்றால் என்ன செய்வாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஐந்தாம் தேதிக்குள் எல்லோருக்கும் சம்பளம் போட வேண்டும். ஆடிட்டரிடம் கணக்கு கொடுக்க வேண்டும். நன்கொடை தருகிறவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கிற 80ஜி பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தண்ணீர் லாரி வராத நாளில் சைட் இன்ஜினியர் பின்னாடியே நடக்க வேண்டும். எந்த மையத்திலாவது ஆயா லீவு போட்டால் அன்றைக்கு நான்தான் அங்கே ஆயா. ஆனால் இன்றைக்கு எழுத வந்த விஷயம் வேறு. ஒரு பையன் சாப்பிடாமல் இருந்ததையும், அதில் நான் செய்த ஒரு தவறையும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இரண்டரை வயது. ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டம். அப்பா கம்பி கட்டுகிறவர், அம்மா சித்தாள். பிரம்மபூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, நேராக லேபர் காலனியின் தகரக் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். புதுப் பிள்ளைகள் முதல் வாரம் அழத்தான் செய்யும், அது எங்களுக்குப் பழக்கம். இவன் அழவில்லை. அம்மா ரப்பர் செருப்பை எங்கள் வாசலில் கழற்றிவிட்டு சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு போவார். அந்தச் செருப்பில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்துவிடுவான். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அம்மா வந்து கேட்டால்தான் கொடுப்பான்.

எதுவும் சாப்பிடவில்லை. காலையில் சத்துமாவுக் கஞ்சி, மதியம் சாம்பார் சாதமும் முட்டையும், நான்கு மணிக்குச் சுண்டல் என்று எங்கள் சாப்பாட்டு அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். மற்றப் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். இவன் வாயை இறுக மூடிக்கொள்வான். மாதாமாதம் பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை ஒரு நாடாவால் அளப்போம். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். இவனுக்கு 12.1. சிவப்பில் விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். டீச்சர் அந்த எண்ணை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அவன் பேசியதே ஒரு வார்த்தைதான். தட்டைக் கொண்டுபோனால் 'பொகாளொ' என்பான். டீச்சருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும், ஒடியா தெரியாது. பொம்மை கேட்கிறான் என்று நினைத்துப் பொம்மையைக் கொடுத்தார். தள்ளிவிட்டான். பூனை வேண்டுமா, பந்தா என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார். அந்த 'ளொ' என்னவோ நம் ஊர்ப் பிள்ளை சொல்கிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒடியாவிலும் ளகரம் உண்டு என்று அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆயாம்மா அதை விடவில்லை. நாள் முழுக்க அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவன் அம்மா வந்ததும், எட்டு வருடமாகச் சென்னையில் இருக்கிற ஒரு ஒடியா மேஸ்திரியைக் கையோடு கூட்டிவந்து கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையால் செய்து காட்டினார். சோறு, மேலே தண்ணீர், மூடிவைப்பது, விடிந்ததும் எடுப்பது. மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் ஆயாம்மா சொல்லிவிட்டார், "அட, பழைய சோறு!"

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்தார். கதவோரம், அவன் உட்காரும் இடத்திலேயே தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வா என்று கூப்பிடவில்லை. மூடியைத் திறந்து, கல் உப்பு போட்டு, சோற்றைக் கையால் பிசைந்தார். சின்ன வெங்காயத்தை உரித்துத் தன் வாயில் ஒன்று போட்டுக் கடித்தார். வெங்காயம் நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. பையன் செருப்பை மடியிலிருந்து இறக்கி வைத்தான். இறக்கி வைத்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் நீராகாரத்தை மட்டும் குடித்தான், கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம் சோறு. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

இது பத்து நாள் நடந்தது. பதினோராவது நாள், எங்களுக்கு நிதி தருகிற ஒரு நிறுவனத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். தூக்குச்சட்டியைப் பார்த்துவிட்டு, அட்டவணையில் இல்லாத வெளிச்சாப்பாடு எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார்கள். முதல் நாள் சோறு, எந்தத் தண்ணீரோ, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நிதி புதுப்பிக்கிற மாதம் அது. அந்தப் பயத்தில், அவர்கள் காதுபடவே, "நாளையிலிருந்து இது வேண்டாம் ஆயாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு நாள் அவன் மறுபடி செருப்போடு உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நாள் காலை நான் அங்கே போனபோது, ஆயாம்மா வழக்கம்போல வாசலில் பிள்ளைகளை வாங்கிக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. கொதிக்க வச்சு ஆத்துன தண்ணிதான் ஊத்துறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர். அவரிடம் கேட்காமல் முடிவெடுத்திருந்தேன். கிளிப்போர்டு வைத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது.

அன்றைக்கே உட்கார்ந்து பேசினோம். வீட்டுச் சோறு வேண்டாம். எங்கள் சமையலறையிலேயே வடித்து ஆறிய சோற்றில், கொதிக்க வைத்து ஆற்றிய நீரை ஊற்றி அன்றைக்கே கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஒடிசாவில் அப்படி அன்றைக்கே சாப்பிடுகிற பொகாளொவும் உண்டாம், மேஸ்திரி சொன்னார். கூடவே கொஞ்சம் தயிர், வேகவைத்த உருளைக்கிழங்கு மசியல். அட்டவணையில் ஒரு வரி சேர்த்தோம்: புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் மூன்று வாரம் அதன் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு வேளை. நிறுவனத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். கேட்டிருந்தால் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருப்பார்கள் போல.

அந்த மாதக் கூட்டத்தில், எல்லா டீச்சர்களும் இருக்கும்போது, ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ரொம்பக் கூச்சமாகிவிட்டது. அதுவரை மாதக் கூட்டம் டீச்சர்களுக்கு மட்டும்தான். ஆயாக்கள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பதினோரு வருடம் டீச்சராகவும் இருந்திருக்கிறேன், அதன் பிறகும் அது என் கண்ணில் உறுத்தவில்லை என்பதை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது. இப்போது ஆயாக்களும் வட்டத்தில் உட்காருகிறார்கள். முதலில் அவர்கள் பேச வேண்டும், பிறகு டீச்சர்கள், கடைசியில் நான். கூட்டம் முன்பைவிட ஒரு மணி நேரம் நீள்கிறது, நீளட்டும். எந்தப் பிள்ளை புதிதாகப் படுக்கையை நனைக்கிறது, எந்த அம்மாவுக்குக் கை வீங்கியிருக்கிறது, எந்த அப்பா இரண்டு வாரமாகக் கண்ணில் படவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குத் தெரியவருகிறது.

டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கும் விதத்தையும் மாற்றிவிட்டேன். சான்றிதழைப் பார்த்துவிட்டு, "போய் அரை மணி நேரம் பிள்ளைகளோடு இருங்கள்" என்று அனுப்பிவிடுவேன். அறையில் நான் இருக்க மாட்டேன். வந்தவர் தரையில் உட்கார்ந்தாரா, அழுத பிள்ளையைத் தூக்கினாரா என்று ஆயாவிடம் கேட்டுக்கொள்வேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரு கதை உண்டு. 1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், புழுதியில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் ஒரு காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரஷஸ் அமைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் அது முன்னோடி. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996இல் வந்த சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. நான் பார்த்த சைட்களில் பெண்கள் நாலைந்து கான்ட்ராக்டர்களின் பட்டியலில் பிரிந்து கிடப்பார்கள். எந்தப் பட்டியலிலும் ஐம்பது தாண்டாது. அதனால் பில்டரிடம் போகும்போது நான் சட்டத்தோடு தொடங்குவதில்லை. லிப்ட் குழிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காட்ட, அவரையே கூட்டிக்கொண்டு போவேன். பெரும்பாலும் அறை கிடைத்துவிடும்.

எங்கள் வேலையில் மனசுக்கு ரொம்பக் கனமானது, பிள்ளைகள் போய்விடுவதுதான். டைல்ஸ் வேலை முடிந்தால் குடும்பம் அடுத்த சைட்டுக்கோ ஊருக்கோ கிளம்பிவிடும். சொல்லிக்கொண்டு போக நேரம் கிடைக்காது. 2020 ஊரடங்கில் ஒரே மாதத்தில் எல்லா மையமும் காலியானது. மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப ஷ்ராமிக் ரயில்கள் விட்டபோது, பிள்ளைகளின் தடுப்பூசி விவரம், எடைக் கணக்கு எல்லாம் எங்கள் பீரோவிலேயே இருந்தன. அம்மாக்கள் கையில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை போட்டோம். எடை, கைச் சுற்றளவு, போட்ட ஊசி, என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், என்ன பாட்டுக்குத் தூங்கும். மாதாமாதம் எழுதி அம்மாவிடமே கொடுத்துவிடுவோம். எங்களிடம் நகல்தான்.

அந்தப் பையன் எட்டு மாதம் இருந்தான். மூன்றாவது மாதம் கைச் சுற்றளவு 12.7 வந்தது. ஆயாம்மா நாடாவை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதவிட்டார். சாம்பார் சாதமும் சாப்பிட ஆரம்பித்திருந்தான். முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் எடுத்து ஆயாம்மா வாயில் ஊட்டுவான். பொங்கல் முடிந்த வாரம் குடும்பமே ஊருக்குக் கிளம்பியது. அவன் அட்டையில் 'என்ன சாப்பிடும்' என்ற வரியில் டீச்சர் தமிழில் பொகாளொ என்றும், மேஸ்திரி பக்கத்தில் ஒடியாவிலும் எழுதியிருந்தார்கள். அவன் அம்மா அதை ஆதார் அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மூன்றாவது பிளாக்கில் வேலை தொடங்குகிறது. ஆறு குடும்பம் வருகிறது, அதில் இரண்டு கைக்குழந்தை என்று மேஸ்திரி போன் செய்தார். ஆயாம்மா இப்போதே மூன்று தூளியைக் கயிறு கட்டி ஒரே கையால் ஆட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு பழைய நூல் புடவை வேண்டுமாம், நைலான் வேண்டாம், பிள்ளைக்கு வேர்க்கும் என்று சொல்லியிருக்கிறார். நாளைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.