ஐந்து நாற்பது அலாரம்

மார்ச் 3, திங்கள்

அக்கா போய் இன்றோடு 23 நாள். அவள் போன் மட்டும் தினமும் காலை 5:40க்கு அடிக்கிறது. பூட்டைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. அவள் பிறந்த தேதி, என் பிறந்த தேதி, தம்பியுடையது, எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. அன்றன்றைக்கு அலாரத்தை நிறுத்த முடிகிறது, அடியோடு எடுக்க முடியவில்லை. சார்ஜ் போடாமல் விட்டால் ஒரே நாளில் தானாக அடங்கிவிடும். ஆனால் ராத்திரி படுக்கப் போகும்போது கை அதுபாட்டுக்குப் போய் ஒயரைச் செருகிவிடுகிறது.

தோழி ஒருத்தி சொன்னாள்: "தினமும் படுக்கும் முன்னால் மூன்று நல்ல விஷயம் எழுதிப் பாரேன், மனசு லேசாகும்." சரி என்றேன். சரி என்றால்தான் அந்தப் பேச்சு முடியும். இப்போது நோட்டைத் திறந்து 1, 2, 3 என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எண்கள் மட்டும் அழகாக இருக்கின்றன.

மார்ச் 5, புதன்

1. குழாயில் தண்ணீர் வந்தது.
2. நானும் குளித்தேன்.
3. இல்லை.

மார்ச் 8, சனி

யார் கிளப்பிவிட்டது இந்த மூன்று நல்ல விஷயக் கதையை என்று கோபத்தில் தேடினேன். இதற்கெல்லாம் அடிப்படையாகப் பலரும் காட்டுவது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வை. கல்லூரி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்களாம். ஒரு குழு வாராவாரம் நன்றி தோன்றியவற்றை எழுத வேண்டும். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை. மூன்றாவது, நடந்ததை நடந்தபடி. பத்து வார முடிவில் நன்றி எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை கொஞ்சம் தேவலை என்று பட்டிருக்கிறது.

இருக்காதா பின்னே? கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் 5:40க்கு எந்தப் போனும் அடிக்கவில்லை.

இப்படி நினைத்துக்கொண்டே கீழே படித்தால், அதே கட்டுரையில் இன்னொரு பகுதி. நரம்பும் தசையும் பலமிழக்கும் நோயோடு வாழ்பவர்களை 21 நாள் தினமும் எழுத வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் மனம் தேறியிருக்கிறது. தூக்கமும் சற்று நன்றாக வந்திருக்கிறது. கை சரியாக ஒத்துழைக்காத ஒருவர் ராத்திரி என்ன எழுதியிருப்பார் என்று வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தட்டான் பூச்சி? ஜன்னல்? தெரியவில்லை. என் கோபத்தில் ஒரு பிடி குறைந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

அலமாரியை ஒதுக்கப் போய் என் பழைய டைரிகளில் உட்கார்ந்துவிட்டேன். நான் டைரி எழுதுகிற லட்சணம் அக்காவுக்குப் பெரிய வேடிக்கை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: "விசேஷமாக ஒன்றுமில்லை." ஒரு வருஷத்து டைரியில் மட்டும் எண்ணிப் பார்த்தேன், 112 நாள். அந்த 112 நாளும் அவள் அடுத்த அறையில் இருந்திருக்கிறாள்.

அவற்றில் ஒரே ஒரு நாளையாவது முழுசாக நினைவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முயன்றேன். நாள் வரவில்லை, ஊசி வந்தது. அவளுக்கு நூல் கோக்க வராது. நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்குவாள், விரலால் திருகுவாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குவாள். நூல் காதுக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும். நாலாவது தடவை, "இந்தா, கோத்துத் தா" என்று நீட்டுவாள். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கோக்கலாமேக்கா" என்பேன். "அது எங்கே இருக்கோ" என்பாள். அது அவள் தலையில் ஏற்றிவிட்டபடி இருக்கும்.

வேலையை விட்டு எழுந்து வர வேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடுதான் ஒவ்வொரு தடவையும் கோத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு எழுத அது ஒன்றுதான் இருக்கிறது. 1 என்று போட்டு, "நூல் கோத்துக் கொடுத்தது" என்று எழுதினேன். இன்று நடந்ததைத்தானே எழுத வேண்டும்? பரவாயில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். "இப்ப நீ எந்தக் கட்டத்துல இருக்கே?" என்றான். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் உண்டாம், எங்கோ படித்திருக்கிறான். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் சொன்னது அது. அவர் பேசியது சாகப் போகிறவர்களிடம். பறிகொடுத்துவிட்டு இருப்பவர்களிடம் அல்ல. அதைச் சொன்னதும், "அப்ப நமக்குக் கட்டமே கிடையாதா? பாஸா, பெயிலான்னு எப்படித் தெரியும்?" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போனை வைத்ததும் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எப்படிச் சிரிக்க வந்தது எனக்கு?

மார்ச் 17, திங்கள்

நேற்றைய உறுத்தல் தீரவில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் 1999இல் எழுதியதைப் படித்தேன். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பில் முங்கிக் கிடப்பார், ஒரு நேரம் பில் கட்டுவது, வீடு பெருக்குவது என்று ஆக வேண்டியதைப் பார்ப்பார். இப்படி மாறி மாறி ஊசலாடுவதில்தான் தேறுதலே இருக்கிறது என்கிறார்கள். அக்கா கேட்டிருந்தால், "இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்டிருப்பாள்.

மார்ச் 21, வெள்ளி

அக்கா பெயரை ஒரு பதிவிலிருந்து நீக்க ஓர் அலுவலகத்துக்கு மூன்றாம் தடவையாகப் போனேன். போன தடவை வாங்கிக்கொண்ட சான்றிதழையே மறுபடி கேட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண், "உறவு?" என்றாள். "அக்கா." தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றது. "எனக்கும் ஒருத்தி இருக்கா. பேச்சுவார்த்தை கிடையாது" என்றாள். பிறகு தானே எழுந்து போய் நகல் எடுத்து வந்து, "இனி நீங்க வர வேண்டாம், நானே முடிச்சிடறேன்" என்றாள்.

திரும்பும் வழியில் தெரிந்தவர் ஒருவர், "இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்றார். "இன்னும் தேறலையா" என்றும் கேட்டார். ஆறு வாரம்கூட ஆகவில்லை. உலக சுகாதார நிறுவனமே ஆறு மாதம் தாண்டாமல் இதை நீடித்த துக்கம் என்று கோளாறுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் அந்த வார்த்தை முள் மாதிரி தங்கிவிட்டது. இருப்பதை நினைத்து இல்லாததைச் சரிக்கட்டுவதா? நஷ்ட ஈடா இது? காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, கவுன்டர் பெண் நல்லவள், ஆகவே அக்கா இல்லாதது பரவாயில்லை என்று எந்தக் கணக்கில் வரும்?

நன்றி என்பதற்குப் பழைய பொருள் நன்மைதான், ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதனால்தான் நம் பேச்சில் நன்றியை மறப்பது, மறவாமல் இருப்பது என்றே வருகிறது. எனக்கு இப்போது ராத்திரி ராத்திரி வருகிற பயமும் அதேதான். அவள் இருமுகிற சத்தம் மறந்துவிடுமோ, செருப்பைக் கழற்றுகிற சத்தம் மறந்துவிடுமோ. அழுகிறவளும் நன்றி எழுதுகிறவளும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது. தோழி இதை இப்படிச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்குக் கோபப்பட்டிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

மழை. கொடியில் கிடந்ததெல்லாம் நனைந்தது. அவள் இருந்தால் முதல் தூறலுக்கே ஓடியிருப்பாள்.

மார்ச் 30, ஞாயிறு

அலாரம் அடிக்கவில்லை. கண் விழித்தபோது சுவரில் வெயில், மணி ஏழே கால். இந்த ஏழு வாரத்தில் முதல் தடவையாக முழுத் தூக்கம். எழுதி எழுதி வந்த தூக்கமா, நேற்று ஜன்னல் துடைத்த அலுப்பா, யார் கண்டது. அந்தச் சுகம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நேற்று ராத்திரி சார்ஜ் போடாமல் தூங்கிவிட்டேன்!

ஓடிப்போய்ச் செருகினேன். கறுப்புத் திரை. கையில் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்து அவள் வைத்திருந்த முகப்புப் படம் தெரிந்தது. அது எங்கள் யார் படமும் இல்லை. எப்போதோ கை தவறி எடுத்த துணிக்கொடி, பாதி அவள் கட்டைவிரல். மாற்றத் தெரியாமல் இரண்டு வருஷமாக அதையே வைத்திருந்தாள். ஐம்பது தடவையாவது கேலி செய்திருப்பேன்.

1. அந்தக் கட்டைவிரல்.

மார்ச் 31, திங்கள்

அடித்தது. நிறுத்தவில்லை, ஓயும் வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்புறம் அவள் பாதியில் விட்ட தலையணை உறையை எடுத்தேன். ஊசி துணியிலேயே குத்தியிருந்தது, நூல் தீர்ந்திருந்தது. நூல் நுனியை ஈரமாக்கினேன், திருகினேன், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினேன். இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. நாலாவது தடவையும் ஏறவில்லை. எனக்கும் கண் மங்கிவிட்டது, இத்தனை நாள் கவனிக்கவில்லை.

மேஜையில் அவள் கண்ணாடி இருந்தது. போட்டுப் பார்த்தேன். பவர் சரியாக இருக்கிறது.