பூக்காத ஓர்கிட்

மூன்று வருசத்துக்கு முன் நுவரெலியாவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே திருகோணமலைக்குக் கொண்டுவந்த ஃபலனோப்சிஸ் வகை ஓர்கிட் இது. வரும்போது ஒன்பது பூ. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இலை மட்டும் தடித்து, பளபளவென்று வளர்ந்துகொண்டே போகிறது.

பசளையை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். பூக்காததற்குக் காரணம் வெக்கைதான். இலைக் கக்கத்தில் மொட்டு உறங்கிக் கிடக்கும். சில வாரங்கள் 25 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்தால்தான் அது பூந்தண்டாக எழும்பும். 28க்கு மேலேயே நின்றால் செடி இலைதான் விடும். எங்கள் உப்புவெளி விறாந்தையில் தொங்கும் வெப்பமானி, கச்சான் காற்று வீசும் ஜூனில் விடியப்புறமும் 27 காட்டுகிறது. மொட்டு எப்படி எழும்பும்?

(ரோசாவும் இப்படித்தான். வெக்கையில் மொட்டு அவசரப்பட்டு விரியும். தண்டு குட்டை, பூ சிறிது, இதழும் குறைவு.)

போன மார்கழியில் மழை விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலை, கீழிருந்து இரண்டாவது இலையின் அடியில் பயறளவு பச்சை முனை. கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தேன். பூந்தண்டு என்றால் நுனி சற்றுத் தட்டையாக, செதில் மூடியிருக்கும். இது உருண்டை, வழவழப்பு. வேர். அன்று முழுக்க எனக்கு மனமே சரியில்லை.

வருகிற கார்த்திகையில் செடியைக் குளிரான மலைநாட்டில், பண்டாரவளையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பப் போகிறேன். தண்டில் மொட்டுகள் தெளிவாகத் தெரியும்வரை அங்கேயே இருக்கட்டும். அவசரப்பட்டு எடுத்துவந்தால் இந்த வெக்கைக்குப் பூவுக்குப் பதில் தண்டில் குட்டிச்செடி முளைத்துவிடும்.