டாக்காவைக் கழித்துப் பாருங்கள்

வங்கதேசம் என்றதும் டாக்காவின் சைக்கிள் ரிக்‌ஷா நெரிசலும், கூரைமேல் ஆள் உட்கார்ந்து போகும் ரயிலும்தான் நம்மூரில் பலருக்கு ஞாபகம் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் 'மக்களடர்த்தி சதுர கி.மீ.க்கு 1,119' என்று மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் நாடு பிடிபடும். பக்கத்தில் வைத்துப் பார்க்க மதுரை மாவட்டமே போதும்.

2022 கணக்கெடுப்பில் அங்கே 16.5 கோடிப் பேர். பரப்பு 1,47,570 சதுர கி.மீ., தமிழ்நாட்டைவிடச் சுமார் 17,500 தான் கூடுதல். மதுரை மாவட்டத்தின் அடர்த்தி 2011இல் 819. நம்மைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லையே என்று தோன்றும். இப்போது இரண்டிலிருந்தும் பெருநகரைக் கழியுங்கள். மதுரையின் பழைய 72 வார்டு மாநகராட்சி 52 ச.கி.மீ., 10.18 லட்சம் பேர். அதைக் கழித்தால் மிச்ச மாவட்டம் 550க்கு இறங்கிவிடும். டாக்கா மாவட்டம் 1,464 ச.கி.மீ., 1.47 கோடிப் பேர். அதைக் கழித்த பிறகும் மிச்ச நாடு 1,030இல் நிற்கும். வயற்காடே அந்த அடர்த்தியில் கிடக்கிறது.



மாறாக, ஆள் குறைவான இடங்களைக் கழித்தால் எண் ஏறும். தென்கிழக்கில் சிட்டகாங் மலைப்பகுதி நாட்டின் பரப்பில் சுமார் 9 சதவீதம். மக்களில் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். சக்மா, மர்மா முதலான பழங்குடி மக்களின் மண் அது. அதையும் சுந்தரவனத்தின் 6,000 ச.கி.மீ. காட்டையும் விட்டுவிட்டால் சமவெளியின் அடர்த்தி ஏறத்தாழ 1,270.

இத்தனை பேருக்கு எப்படிச் சோறு கிடைக்கிறது? நம் பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் அந்த ஒன்றும் சந்தேகம். அங்கே ஆவுஸ், ஆமன், போரோ என்று மூன்று நெல் பட்டங்கள். ஆமன் மழையை நம்பி ஆனி, ஆடியில் நட்டுக் கார்த்திகை, மார்கழியில் அறுப்பது. போரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தையை ஒட்டி நட்டுச் சித்திரை, வைகாசியில் அறுப்பது. எல்லா வயலிலும் மூன்றும் விளையாது. இரண்டு பெரும்பாலும் உறுதி. பத்மா, ஜமுனா, மேக்னா ஆகிய ஆறுகள் மூன்றும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அதற்கு அடிப்படை.

நம் பக்கம் ஊர் எங்கே அமையும் என்பதைக் கண்மாய் தீர்மானிக்கும். அங்கே தீர்மானிப்பது மேடு. வீடு கட்டுமுன் குளம் வெட்டுவார்கள். அந்த மண்ணைக் கொட்டித் திட்டு எழுப்பி அதன்மேல் வீடு. குளத்தில் மீன், கரையில் வாழை, பாக்கு. ஆற்றோரத்தில் தகரச் சுவர் வீடுகள் அதிகம், அதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல. கரை அரித்து வரும்போது தகரத்தைக் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். செங்கல் சுவரை அப்படித் தூக்க முடியாது.

வெள்ளம் என்றால் அணைகட்டித் தடு என்பது நமக்குச் சட்டென்று தோன்றும் யோசனை. 1960களில் தென்மேற்குக் கடலோரத்தில் அதைத்தான் செய்தார்கள். உப்புநீர் ஏறாமல் நிலத்தைச் சுற்றிக் கரை போட்டு, மழைநீர் வடிய மடை வைத்தார்கள். முதல் சில வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. ஆனால் கடலேற்றத்தோடு வந்து வயலில் பரவிக்கொண்டிருந்த வண்டல், கரை மறித்ததும் ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆற்றுப்படுகை மேடேறியது, புது மண் வராத உள்நிலம் அமுங்கியது. மடையைத் திறந்தாலும் வெளியே தண்ணீர் மட்டம் மேலே இருக்கிறது, உள்ளே நிற்கும் மழைநீர் எப்படி வடியும்? குல்னா பக்கம் பில் டகாத்தியா என்ற தாழ்நிலத்தில் வருஷக்கணக்காகத் தண்ணீர் தேங்கி, 1990இல் ஊர்மக்களே கரையை வெட்டிவிட்டார்கள். பிறகு அந்த வழியை அரசும் எடுத்துக்கொண்டது. ஒரு தாழ்நிலத்தைத் தேர்ந்து கரையை வெட்டி, தினம் இரண்டு முறை கடலேற்றத்தை உள்ளே விடுவார்கள். வண்டல் உள்ளே படியும், போய்வரும் நீரோட்டத்தில் ஆறும் ஆழமாகும். சில வருஷத்தில் நிலம் உயர்ந்ததும் கரையை அடைத்துவிடலாம். அத்தனை வருஷமும் அந்த நிலத்துக்காரர் என்ன சாப்பிடுவார் என்பதுதான் சிக்கல். இழப்பீடு தாமதமானால் தகராறு நிச்சயம்.

நெருக்கத்தில் ஒரு வசதியும் உண்டு: வீடுவீடாகப் போவது மலிவு. 1980களில் பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண் பணியாளர்கள் சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் போய், வயிற்றுப்போக்குக்கான கரைசலைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர், மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். தராசும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் இப்படித்தான் வாசலுக்கு வந்தன. 1970களில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேலிருந்த பிள்ளைகள் கணக்கு இப்போது இரண்டை ஒட்டி நிற்கிறது.

அடிபம்பும் வாசலுக்கு வாசல் வந்ததுதான். குளத்துத் தண்ணீரால் வரும் பேதியைத் தடுக்கப் போட்டார்கள். 1990களில் பார்த்தால் ஆழம் குறைந்த பம்புகள் பலவற்றில் ஆர்செனிக் என்ற நஞ்சு. லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேலிருந்தால் சிவப்பு, குறைந்தால் பச்சை என்று பம்பின் வாய்ப்பகுதியில் பெயின்ட் அடித்தார்கள். சிவப்புப் பம்பில் துணி துவைக்கலாம், குளிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. கொதிக்க வைத்தாலும் ஆர்செனிக் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும்.